புரோட்டான் பல்லுக்கு வந்த வழி

கோரமண்டல் என்றதும் வெளியூர்க்காரருக்குக் கடற்கரை ஞாபகம் வரும். இல்லாவிட்டால் கல்கத்தா ரயில். கோலார் தங்கவயல்காரருக்கு அது ஒரு ஸ்டேஷன். பங்காரப்பேட்டையில் பிரிந்து மாரிகுப்பத்தோடு முடிகிற கிளைப்பாதையில், உரிகாமுக்கு முன்னால் வரும் நிறுத்தம். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடியபின் இந்த ஊரின் ஷிப்டே மாறிவிட்டது. முன்பு சங்கு ஊதினால் பூமிக்குள் இறங்கினார்கள். இப்போது விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். சீட்டுக்கட்டும் டிபன் பாக்ஸும் குட்டித் தூக்கமுமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம்.

அந்த ரயிலில் ஒருநாள் ஓர் அம்மா ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கல்ல, ஸ்கேனுக்கு. வாயைத் திறந்தால் இடது காதுக்கு முன்னால் 'டக்'கென்று சத்தம், கூடவே வலி. முறுக்கு கடித்து ஆறு மாதமாகிறது. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எடுத்தாகிவிட்டது; பல்லும் சரி, எலும்பும் சரி. "எம்ஆர்ஐ எடுத்துக்கிட்டு வாங்கம்மா" என்று பல் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூளைக்கும் முதுகுக்கும்தானே அது, வாய்க்கு எதற்கு என்பது அந்த அம்மாவின் சந்தேகம்.

நியாயமான சந்தேகம்தான். அந்த மெஷினுக்கு நெடுங்காலம் பல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. நாக்கு தெரியும், கன்னத்துச் சதை தெரியும், தாடைக்குள் மஜ்ஜை தெரியும். பல் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாகக் கருப்பு ஓட்டைகள். காரணம் எளிது: எம்ஆர்ஐ எலும்பைப் பார்ப்பதில்லை. அது தண்ணீரைக் கேட்கிறது. சரியாகச் சொன்னால், தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கிற ஹைட்ரஜனின் கருவை, அதாவது ஒற்றைப் புரோட்டானைக் கேட்கிறது. அந்தப் புரோட்டானின் குரல் பல்லுக்குள்ளிருந்து கேட்க அறுபது வருஷத்துக்கு மேல் பிடித்தது. வந்த வழியில் தங்கவயலும் இருக்கிறது, பெங்களூரும் இருக்கிறது.

*

தங்கவயலில் புரோட்டானுக்காகக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. சுரங்கத்தின் ஆழத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் கீழே, பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா விஞ்ஞானிகளும் 1980இல் 140 டன் எடையுள்ள ஒரு கருவியை அடுக்கி வைத்தார்கள். இரும்புத் தகடு ஒரு வரிசை, துகள் கடந்தால் சொல்லும் குழாய்கள் ஒரு வரிசை, மறுபடி இரும்பு. இதே ஆழத்தில்தான் 1965இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் பிடிபட்டிருந்தது. இப்போதைய கேள்வி வேறு. புரோட்டான் சாகுமா?

அன்றைய கோட்பாடுகள் சில, புரோட்டான் என்றாவது ஒருநாள் சிதைந்தே தீரும் என்றன. ஒற்றைப் புரோட்டானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பிரபஞ்சத்தின் ஆயுசு போதாது. ஆனால் 140 டன்னுக்குள் அணுக்கருத் துகள்களின் எண்ணிக்கை எட்டுக்குப் பின்னால் 31 சுழி. அத்தனை பேரில் வருஷத்துக்கு ஒன்றிரண்டு சாவாவது கண்ணில் படாதா என்பது கணக்கு. மேலே இருந்து விழும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலைத் தடுக்க இரண்டு கிலோமீட்டர் பாறையைக் குடையாகப் பிடித்துக்கொண்டார்கள். கேஜ் என்ற கூண்டில் இறங்கும் தொழிலாளிக்குத் தங்கம்; அதே ஷாஃப்ட்டில் இறங்கும் விஞ்ஞானிக்கு ஒரு மரணச் செய்தி. சாவு போலத் தோன்றிய சில தடயங்கள் அறிவிக்கப்பட்டன, உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு இதைவிடப் பெரிய கருவிகள் வந்து தேடியும் எதுவும் கிடைக்கவில்லை. இன்றுவரை ஒரு புரோட்டான் செத்ததற்கும் சாட்சியில்லை.

சாகாத இந்தத் துகளுக்கு ஒரு குரல் உண்டு என்பது அதற்கு முன்பே தெரிந்துபோயிருந்தது.

*

புரோட்டான் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் வைத்தால் தள்ளாடும் பம்பரம்போலச் சுழலும். காந்தம் எவ்வளவு வலுவோ அவ்வளவு வேகம்: ஒரு டெஸ்லாவுக்கு வினாடிக்கு 4 கோடியே 26 லட்சம் சுற்று. அதே வேகத்தில் வானொலி அலையை ஊதினால் அது சக்தியை வாங்கிக்கொள்ளும். ஊதுவதை நிறுத்தினால் வாங்கியதை அதே சுருதியில் திருப்பிக் கொடுக்கும். அந்தத் திருப்பிக் கொடுத்தல்தான் குரல்.

அமெரிக்காவின் இரு கோடிகளில் இரண்டு குழுக்கள் இதை ஏறத்தாழ ஒரே சமயத்தில் கேட்டன. 1945 டிசம்பரில் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் குழு மெழுகில் கேட்டது. சில வாரங்களில் ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழு தண்ணீரில் கேட்டது. பர்செலும் பிளாக்கும் 1952இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதற்கு ஒரு வருஷம் முந்தி, 1951இல், அதே குரல் பெங்களூரிலும் கேட்டது. ஆட்டோக்காரர்கள் இன்னும் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்றே சொல்கிற இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன் என்ற இயற்பியலாளர், காந்தத்தின் நடுவே குழாயில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். நின்ற தண்ணீர் சீக்கிரமே களைத்துப்போய்க் குரல் தாழ்ந்துவிடும். ஓடுகிற தண்ணீரில் புதிய புரோட்டான்கள் வந்துகொண்டே இருப்பதால் குரல் ஓங்கும். ஓட்டத்தைக் காந்தத்தால் அளக்கலாம் என்று காட்டிய முன்னோடிக் கட்டுரை அது. இன்று ரத்தக் குழாய்களை எம்ஆர்ஐயில் படமெடுக்கும் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சூரியனிலிருந்து தொடங்குகிறார்கள். கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் நடந்த காரியம்; இந்தப் பாதையில் தினம் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

*

குரல் கேட்டால் மட்டும் படம் ஆகிவிடாது. யார் எங்கேயிருந்து பேசுகிறார் என்று தெரியவேண்டும். ஒரு மண்டபத்தில் முதல் வரிசைக்கு ஒரு சுருதி, இரண்டாம் வரிசைக்குக் கொஞ்சம் உயர்ந்த சுருதி என்று கொடுத்துப் பாடச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டே எந்த வரிசை பாடுகிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? பால் லாட்டர்பர் செய்தது அதைத்தான். காந்தத்தை ஒரு பக்கம் கொஞ்சம் வலுவாகவும் மறுபக்கம் கொஞ்சம் இளைத்ததாகவும் சாய்த்தார். இடத்துக்கு இடம் சுருதி மாறியது. 1973இல் அவர் வெளியிட்ட முதல் படத்தில் இருந்தவை தண்ணீர் நிரப்பிய இரண்டு சின்னக் குழாய்கள்.

அதை வேகமான, ஒழுங்கான கணக்காக மாற்றியதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1975இல் சூரிக்கிலிருந்து வந்த கட்டுரையில் மூன்று பெயர்கள்: அனில் குமார், டீட்டர் வெல்ட்டி, ரிச்சர்ட் எர்ன்ஸ்ட். கலந்து வரும் குரல்களை ஃபூரியே கணிதத்தால் பிரித்துப் படமாக்கும் முறை அது. இன்றைய எம்ஆர்ஐ பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறது. எர்ன்ஸ்டுக்கு 1991இல் நோபல் கிடைத்தது. அனில் குமார் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பல்லாண்டு பேராசிரியராக இருந்தார்.

1977 ஜூலை 3ஆம் தேதி ரேமண்ட் டமாடியனின் குழு முதன்முதலாக ஒரு மனித மார்பைப் படமெடுத்தது. ஒரே ஒரு படத்துக்கு ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 'அணுக்கரு' என்ற சொல் நோயாளிகளை மிரட்டியதால் 'அணுக்கருக் காந்த ஒத்திசைவு' என்ற பழைய பெயரிலிருந்து அது கழன்றுகொண்டது. 2003இல் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் வந்தபோது மெஷின் ஊர் ஊராக வந்துவிட்டிருந்தது.

*

இனி அந்த அம்மாவிடம் வருவோம். பெங்களூரின் ஏதோ ஒரு ஸ்கேன் சென்டரில் அவர் தோட்டையும் வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிகிறார். மூக்குத்தியில் தயங்குகிறார். "சுத்தத் தங்கம்ப்பா, காந்தம் இழுக்காதே." தங்கவயல்காரர் சொல்வது சரிதான், தங்கத்தைக் காந்தம் இழுக்காது. வாய்க்குள் தங்கப்பல் கட்டியிருந்தால்கூட அது படத்தைப் பெரிதாகக் கெடுக்காது. எவர்சில்வர் கம்பி போட்ட பிள்ளைகளின் வாய்தான் படத்தில் கசங்கிப்போகும். ஆனாலும் நகையில் என்ன கலந்திருக்கிறது, திருகு எதனால் ஆனது என்று யாருக்குத் தெரியும்? "கழட்டிடுங்கம்மா" என்கிறார் டெக்னீஷியன்.

படுத்தபின் தலையைச் சுற்றி ஒரு கூண்டு வருகிறது. அதுதான் காயில், குரலைக் கேட்கும் காது. உள்ளே 1.5 டெஸ்லா, பூமியின் காந்தத்தைவிட முப்பதாயிரம் மடங்குக்கு மேல். அவ்வளவு வலுவிலும் பத்து லட்சம் புரோட்டானுக்கு ஏறத்தாழ ஐந்துதான் கணக்குக்கு வரும். மற்றவை எதிரும் புதிருமாக நின்று ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அந்த ஐந்தே போதும்.

முதலில் பல்லைச் சேர்த்து மூடியபடி ஒரு வரிசைப் படம். பிறகு வாயைத் திறந்தபடி இன்னொரு வரிசை. திறந்த வாய் அசையாமல் நிற்பதற்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டாம். பல சென்டர்களில் ஊசி போடும் பிளாஸ்டிக் சிரிஞ்சின் குழலையே கடிக்கக் கொடுத்துவிடுவார்கள். கோடிக்கணக்கான ரூபாய் மெஷினுக்குள் சில ரூபாய் சிரிஞ்சைக் கடித்தபடி அந்த அம்மா கிடக்கிறார். சுற்றிலும் கல்லுடைப்பதுபோல டமடமவென்று சத்தம். காந்தத்தைச் சாய்க்கும் சுருள்கள் அதிர்கிற சத்தம் அது, லாட்டர்பரின் சாய்வு.

ஓபிஜியில் தெரியாதது இதில் தெரிகிறது. தாடைக் குமிழுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் மெத்தைபோல ஒரு மெல்லிய வட்டு இருக்கிறது. இந்த அம்மாவுக்கு அது முன்பக்கம் நழுவியிருக்கிறது. வாய் திறக்கையில் குமிழ் அதன் விளிம்பைத் தாண்டி மறுபடி மெத்தையில் ஏறி உட்காருகிறது. அந்த 'டக்' அதுதான். ஏற முடியாமல் போனால் வாய் பாதியில் பூட்டிக்கொள்ளும். மூடிய படத்தையும் திறந்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் எந்த நிலை என்று டாக்டருக்குப் புரிந்துவிடும். பலருக்குக் கத்தி தேவைப்படாது. மென்மையான சாப்பாடு, பயிற்சி, பல்லுக்கு நடுவே ஒரு தகடு, அவ்வளவில் அடங்கும். 1980களின் நடுவிலேயே இந்த மூட்டில் எம்ஆர்ஐ தன்னை நிரூபித்துவிட்டது. முகத்துக்குள் அது நுழைந்த வாசல்களில் முக்கியமானது இது.

அடுத்த வாசல் நரம்பு. ஞானப்பல் பிடுங்குமுன் டாக்டர்கள் பயப்படுவது கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு. அடிபட்டால் உதடு மரத்துப்போகும். எக்ஸ்ரே வகைப் படங்கள் நரம்பு போகும் எலும்புப் பாதையைத்தான் காட்டும். சுரங்கம் தெரியும், உள்ளே இருக்கிற ஆள் தெரியமாட்டார். எம்ஆர்ஐ ஆளையே காட்டுகிறது. முகத்தில் மின்னல் வெட்டினாற்போல வலி வந்து, பல்வலி என்று நம்பி ஒவ்வொரு பல்லாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. அவர்களில் பலருக்கு மூளைத்தண்டின் அருகே ஒரு ரத்தக்குழாய் முகத்தின் உணர்வு நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருப்பதும் இதில்தான் தெரியவந்தது.

*

பல்லை எக்ஸ்ரே வெகு முன்பே பிடித்துவிட்டது. ரான்ட்ஜென் கதிர்கள் செய்தியாகிச் சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜெர்மனியின் ஓட்டோ வால்காஃப் தன் வாயிலேயே கண்ணாடித் தட்டை வைத்து 25 நிமிஷம் கதிர்படவிட்டுப் பல் படம் எடுத்தார். கெட்டியான பொருள் எக்ஸ்ரேக்கு விருந்து. தங்கவயல் தொழிலாளிக்கு எக்ஸ்ரே என்றால் நெஞ்சு. பாறைத் தூசியால் வரும் சிலிகோசிஸ் இருக்கிறதா என்று பார்க்கும் படம். அங்கேயும் கெட்டிப்பட்டதைத்தான் அது காட்டியது.

எம்ஆர்ஐக்கு இந்தக் கெட்டிதான் விரோதி. பல்லின் மேல்பூச்சான எனாமலில் எடைக்கு 96 சதவீதம் தாது. மிச்சத்தில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச நீரும் சுதந்திரமாக அசைய முடியாமல் தாதுவோடு இறுகிக் கிடக்கிறது. அங்கேயும் புரோட்டான் உண்டு, அதுவும் பேசும். ஆனால் ஒரு வினாடியைப் பத்தாயிரமாக வகுத்தால் வரும் ஒரு துண்டுக்குள் பேசி முடித்துவிடும். சாதாரண எம்ஆர்ஐ, அலையை ஊதி முடித்து, சற்று இடைவெளி விட்டு, அப்புறம்தான் காதைத் திறக்கும். அதற்குள் பல் ஓய்ந்திருக்கும். கருப்பு ஓட்டை என்பது பல்லின் மௌனம் இல்லை. மெஷின் தாமதமாகக் கேட்டது.

தங்கவயலுக்கு இது புரியும். பாறை வெடிப்பில் இந்த ஊரின் வீடுகள் குலுங்கியிருக்கின்றன. வெடிப்புக்கு முன்னும் பின்னும் பாறை முனகுவதைப் பிடிக்கச் சுரங்கத்தில் ஜியோஃபோன்களைப் பதித்து இடைவிடாமல் கேட்டார்கள். எப்போதும் திறந்திருக்கும் காதுக்குத்தான் கல்லின் பேச்சு விழும்.

பல்லுக்கும் அதே வைத்தியம். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜவுதத் இதியத்துல்லின், மைக்கேல் கார்வுட் குழு 2006இல் 'ஸ்விஃப்ட்' என்ற முறையை வெளியிட்டது. அலையை ஊதும்போதே நடுநடுவே நுண்ணிய இடைவெளிகளில் கேட்டுக்கொள்வது. பல் மருத்துவர் டொனால்ட் நிக்ஸ்டார்ஃபும் அவர்களோடு சேர, எனாமலும் அதற்குள்ளிருக்கும் டென்டினும் பற்கூழும் ஒரே படத்தில் வந்தன. வேறு ஆய்வுக்கூடங்களில் எதிரொலிக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யத்தை நெருங்கும்படி சுருக்கும் முறைகள் வளர்ந்தன. எலும்பை வேண்டுமென்றே கருப்பாக்கி, அதன் வடிவத்தைச் சுற்றியுள்ள சதையிலிருந்து வெட்டியெடுக்கும் 'பிளாக் போன்' முறையும் வந்தது. கதிர்வீச்சுக்குக் குழந்தைகளின் முகத்தை மறுபடி மறுபடி காட்டவேண்டாம் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது.

எக்ஸ்ரேயில் வேர்நுனிப் புண் தெரியவேண்டுமானால் எலும்பின் தாது கணிசமாகக் கரைந்திருக்க வேண்டும். வீக்கம் என்பதோ நீர் கூடுவது. நீர் கூடினால் எம்ஆர்ஐ அதை முன்கூட்டியே கேட்டுவிடும். எக்ஸ்ரே சேதத்தைச் சொல்லும். எம்ஆர்ஐ சேதம் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும்.

*

முகத்து எம்ஆர்ஐ என்றால் என்ன என்று இந்தியா கற்றுக்கொண்ட வருஷம் 2021. கொரோனா இரண்டாம் அலை ஓய்கையில் கறுப்புப் பூஞ்சை கிளம்பியது. பலருக்குத் தொடக்கம் பல்வலிதான்: மேல்தாடையில் பல் ஆடுகிறது, ஈறில் சீழ், கன்னத்தில் மரத்த உணர்வு. அந்த ஜூன் மாதக் கடைசியில் மத்திய அரசு சொன்ன எண்ணிக்கை 40,845 பேர். பெரும்பாலோருக்கு மூக்கு, கண், மூளை வட்டாரத்தில். சர்க்கரை நோயும் ஸ்டீராய்டும் அதற்கு வழிவிட்டன.

பூஞ்சை ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைக்கும். அடைத்த இடத்துச் சதை சாகும். எதுவரை வெட்டுவது என்று அறுவை மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும். காடோலினியம் மருந்தை ரத்தத்தில் ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தால் உயிருள்ள மூக்குச் சதை பளிச்சென்று வெளுக்கும். மருந்து போய்ச்சேராத இடம் கரியாக நிற்கும். அந்தக் கருப்புதான் வெட்டின் எல்லை. சென்னையிலும் மதுரையிலும் பெங்களூரிலும் காது மூக்கு தொண்டை, கண், பல் மருத்துவர்கள் ஒரே படத்தின் முன்னால் கூடி நின்ற காலம் அது. வாய்ப்புற்றிலும் இப்படித்தான்: நாக்கில் கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே அதன் நிலையை முடிவு செய்கிற அளவுகளில் ஒன்று. புகையிலை அடக்கிய வாய்கள் நிறைந்த நாட்டில் அந்த மில்லிமீட்டரை அறுவைக்கு முன்பே மதிப்பிட எம்ஆர்ஐ உதவுகிறது.

*

பல் கிளினிக்கிலேயே இந்த மெஷினை வைக்க முடியுமா? பெரிய தடை காந்தம். 1.5 டெஸ்லா காந்தத்தைக் குளிர்விக்க ஆயிரம் லிட்டருக்கு மேல் திரவ ஹீலியம், மைனஸ் 269 டிகிரியில். ஹீலியத்தின் தடயம் 1868இல் தெரிந்ததும் கோரமண்டல் கரையில்தான்: சூரிய கிரகணத்தன்று மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்த சென்னை வானாய்வகத்தின் நார்மன் பாக்சன், எதனோடும் சேராத ஒரு மஞ்சள் கோட்டைக் குறித்து வைத்தார். பின்னாளில் அந்த வாயு விலையேறிக்கொண்டே போனது.

அதனால் போக்கு திரும்பியிருக்கிறது. காந்தத்தைப் பெருக்கிக்கொண்டே போனவர்கள் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ் 2020இல் காட்டிய 0.55 டெஸ்லா மெஷினுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான ஹீலியம் போதும். பல் உபகரண நிறுவனமான டென்ட்ஸ்ப்ளை சிரோனாவோடு சேர்ந்து அதைப் பல்லுக்கென்றே மாற்றியமைத்தார்கள்; டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகம் அதைச் சோதித்துவருகிறது. காந்தம் இளைத்தால் குரலும் இளைக்கும், ஆனால் கம்பியும் அடைப்பும் செய்யும் கசங்கலும் குறையும். இளைத்த குரலை நல்ல காயிலும் கம்ப்யூட்டரும் ஈடுகட்டுகின்றன. பெங்களூரிலேயே அர்ஜுன் அருணாசலம் தொடங்கிய வாக்ஸல்கிரிட்ஸ், திரவ ஹீலியம் வேண்டாத 1.5 டெஸ்லா மெஷினை உள்நாட்டில் செய்திருக்கிறது. 2021இல் அதில் 50 லட்சம் டாலர் போட்டது ஜோஹோ.

இதனால் ஓபிஜி ஓய்வுபெறப் போவதில்லை. சொத்தைப் பல்லுக்குச் சின்ன எக்ஸ்ரே இன்றும் மலிவு, வேகம், தெளிவு. அதைவிட்டு எம்ஆர்ஐக்கு அனுப்புவது வீண்செலவு. அரைமணி அசையாமல் படுக்கமுடியாதவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்த பலருக்கும் சிக்கல்தான். எது கெட்டியோ அதற்கு எக்ஸ்ரே, எது நீரோ அதற்கு எம்ஆர்ஐ. இரண்டும் சந்திக்கிற பல்லில் மட்டும் எல்லைக்கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது.

*

மாலை ரயிலில் அந்த அம்மா திரும்புகிறார். பெரிய கவர் மடியில் கொள்ளாது. கசங்கிவிடும் என்று மேலே லக்கேஜ் பலகையில் படுக்கவைத்திருக்கிறார். மூக்குத்தி மறுபடி மூக்கில். ஸ்டேஷனுக்கு அப்பால் இருட்டில், தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைட் மேடுகள். அவற்றுக்கு அடியில், கேஜ் இறங்கிய ஷாஃப்ட்டுகளில், பம்புகள் நின்றபின் ஏறிய தண்ணீர் தளம் தளமாக நிறைந்து நிற்கிறது. ஒரு காலத்தில் புரோட்டானின் சாவுக்குக் காத்திருந்த ஆழங்களில் இப்போது கணக்கில்லாத புரோட்டான்கள், கேட்க ஆளில்லாமல்.

கோரமண்டல் வருகிறது. கவரை மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்குகிறார்.